விளையாட்டுக் கணக்கிற்குள் கிடக்கும் வங்கி அட்டை

கணினியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டுக்களைப் பற்றி நமது பெற்றோர் மத்தியில் நிலவும் கவலைகள் பெரும்பாலும் இரண்டு வகையானவை. படிப்புக் கெட்டுப்போகின்றது என்பது ஒன்று. கண் பழுதாகின்றது என்பது மற்றையது. இரண்டும் நியாயமான கவலைகளே. ஆனால் அந்த விளையாட்டினுள் ஒரு கடை இருக்கின்றது என்பதையும், அந்தக் கடையின் பணப்பெட்டி தமது வங்கிக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கின்றது என்பதையும் எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கட்டாரில் தொழில் புரியும் தந்தை நோன்புப் பெருநாளுக்கு மகன் கேட்டதை வாங்கிக் கொடுப்பதற்காகத் தமது அட்டையின் இலக்கத்தைப் பதிந்து கொடுக்கின்றார். ரொறன்ரோவில் உள்ள மாமா மருமகனின் பிறந்தநாளுக்கு அவ்வாறே செய்கின்றார். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் தாய் பிள்ளையின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு தடவை கொடுக்கின்றார். கொடுத்தவர்கள் மறந்துவிடுகின்றனர். அட்டையின் இலக்கமோ எங்கோ தொலைவில் உள்ள கணினியொன்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றது.

அவ்வாறு கிடக்கும் தகவல்கள் களவு போனால் என்ன நிகழும் என்பதை உலகம் முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்துகொண்ட சம்பவம் 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இடம்பெற்றது. அதன் பின்னர் அதனையொத்த சம்பவங்கள் பல நிகழ்ந்துவிட்டன. எனினும் அந்த முதற் சம்பவத்தைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம். ஏனெனில் பின்னர் நிகழ்ந்த ஏறக்குறைய எல்லாத் தவறுகளும் அதில் ஒருங்கே காணப்பட்டன.

ஜப்பானின் சோனி நிறுவனம் தனது பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிகளை வைத்திருப்போர் இணையத்தின் வழியாக ஒருவரோடொருவர் விளையாடவும் புதிய விளையாட்டுக்களை விலைகொடுத்துப் பெறவும் ‘பிளேஸ்டேஷன் நெட்வேர்க்’ என்னும் வலையமைப்பை நடத்தி வருகின்றது. 2011 ஏப்ரல் 19ஆந் திகதி, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் அமைந்திருந்த அந்த வலையமைப்பின் சேவையகக் கணினிகள் சில எவரும் கட்டளையிடாமலேயே நின்று மீண்டும் இயங்கத் தொடங்கியதைப் பணியாளர்கள் கவனித்தனர். அங்கு இருந்த சேவையகங்கள் ஏறத்தாழ 130. ஆராய்ந்து பார்த்தபோது எவரோ உள்ளே நுழைந்திருப்பதற்கும் தகவல்களை வெளியே எடுத்துச் சென்றிருப்பதற்கும் தடயங்கள் கிடைத்தன. மறுநாள், அதாவது ஏப்ரல் 20ஆந் திகதி, முழு வலையமைப்பும் மூடப்பட்டது.

மூடியது சரியான நடவடிக்கையே. ஆனால் மூடியதற்கான காரணம் வாடிக்கையாளருக்குச் சொல்லப்படவில்லை. வெளியாரின் ஊடுருவல் நிகழ்ந்துள்ளது என்னும் அளவுக்கு 22ஆந் திகதி ஒப்புக்கொள்ளப்பட்டது. உயிர்த்த ஞாயிறு விடுமுறைக் காலமாகையால் உலகெங்கும் பிள்ளைகள் விளையாட முடியவில்லையே என்று சினந்துகொண்டிருந்தனரே தவிர, தமது பெயரும் முகவரியும் களவு போயிருக்கக்கூடும் என எவரும் நினைக்கவில்லை. 26ஆந் திகதியன்றுதான் அந்த உண்மை வெளியிடப்பட்டது. பாதிக்கப்பட்ட கணக்குகள் சுமார் 7 கோடியே 70 இலட்சம். பெயர், முகவரி, மின்னஞ்சல் முகவரி, பிறந்த திகதி, கணக்கின் பெயர், கடவுச்சொல் ஆகியவை களவு போயிருப்பதாக நிறுவனம் தெரிவித்தது. கடனட்டை விபரங்கள் எடுக்கப்பட்டமைக்குச் சான்று இல்லை என்றும், ஆயினும் எடுக்கப்படவில்லை என உறுதி கூற இயலாது என்றும் அது அறிவித்தது. இந்த இரண்டாவது வாக்கியமே பெற்றோரின் நித்திரையைக் கெடுத்தது எனலாம். உலகளாவிய ரீதியில் 1 கோடியே 23 இலட்சம் கணக்குகளில் கடனட்டை விபரங்கள் பதியப்பட்டிருந்ததாக அமெரிக்கக் காங்கிரஸின் உபகுழுவொன்றுக்கு அனுப்பிய கடிதத்தில் சோனி பின்னர் குறிப்பிட்டது.

ஏப்ரல் 20இலிருந்து 26 வரையிலான அந்த ஆறு நாட்களைப் பற்றிப் பல வாதங்கள் எழுந்தன. முழுமையாக அறியாமல் அறிவித்தால் வீண் பீதி ஏற்படும் என்பது நிறுவனத்தின் வாதம். அது முற்றிலும் அர்த்தமற்ற வாதம் அன்று. ஆயினும் களவெடுத்தவனுக்குத் தான் என்ன எடுத்தேன் என்பது முதல் நாளே தெரியும். பொருளைப் பறிகொடுத்தவனுக்கு மாத்திரம் தெரியாது. அட்டையை இரத்துச் செய்வதற்கும் கடவுச்சொல்லை மாற்றுவதற்கும் மிகப் பெறுமதி வாய்ந்த நாட்கள் அவை. ‘உங்கள் விபரங்கள் போயிருக்கக்கூடும், உறுதியாகத் தெரியவில்லை, ஆயினும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு முழுமையான விசாரணை எதுவும் தேவையில்லை என்பதே நமது அபிப்பிராயமாகும்.

மே மாதம் முதலாந் திகதி டோக்கியோவில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டில், அப்போது சோனியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்த கசுவோ ஹிராயும் மேலும் இரு உயர் அதிகாரிகளும் எழுந்து நின்று தலைதாழ்த்தி மன்னிப்புக் கோரினர். ஊடுருவியோர் பயன்படுத்திய பலவீனம் புதிதொன்று அன்று, தொழிநுட்பத் துறையினர் ஏற்கனவே அறிந்திருந்ததுதான், ஆனால் அது தமது கணினிகளில் இருப்பதை நிர்வாகம் அறிந்திருக்கவில்லை என்பதும் அங்கு தெரியவந்தது. வாசற்கதவின் பூட்டுப் பழுதடைந்திருப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்க, வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாமல் இருந்த கதைதான் இது.

அதற்கு மறுநாளே அடுத்த செய்தி வந்தது. அதே நிறுவனத்தின் கணினி விளையாட்டுப் பிரிவான சோனி ஒன்லைன் என்டர்டெயின்மென்டிலும் ஊடுருவல் நிகழ்ந்து 2 கோடியே 46 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் களவு போயிருக்கலாம் எனத் தெரிவிக்கப்பட்டது. இதில் நமது கவனத்தை ஈர்ப்பது அந்தப் பெரிய எண்ணிக்கை அன்று. அதனோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட மிகச் சிறிய எண்ணிக்கைகளே நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. 2007ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய தரவுத்தளமொன்று அங்கு இருந்தது. அதில் அமெரிக்கா அல்லாத ஏனைய நாடுகளைச் சேர்ந்தோரின் சுமார் 12,700 கடனட்டை மற்றும் டெபிட் அட்டை இலக்கங்களும் அவை காலாவதியாகும் திகதிகளும் இருந்தன. ஒஸ்திரியா, ஜேர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளைச் சேர்ந்த வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அறவிட்டமை பற்றிய சுமார் 10,700 பதிவுகளும் இருந்தன. எவருக்கும் தேவைப்படாத, எவரும் பாராத, ஆனால் எவரும் அழிக்காத பதிவேடு அது. அலுவலகங்களில் பழைய கோப்புக்களை அலுமாரியின் மேல் அடுக்கி வைத்துவிட்டு, அவை அங்கு இருப்பதையே மறந்துவிடும் வழக்கம் நமக்குப் புதியதல்ல. காகிதக் கோப்பைக் கறையான் அரித்துவிடும். கணினிக் கோப்பை அரிப்பதற்கு எதுவும் இல்லை.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் ‘ஸ்டீம்’ விளையாட்டு விற்பனைத் தளத்தில் ஊடுருவல் நிகழ்ந்தது. 2004 முதல் 2008 வரையான கொடுக்கல் வாங்கல்களின் விபரங்கள் அடங்கிய பிரதியொன்றை ஊடுருவியோர் பெற்றிருக்கக்கூடும் என 2012 பெப்ரவரியில் நிறுவனம் தெரிவித்தது. 2013 ஓகஸ்டில் ரயட் கேம்ஸ் நிறுவனம், 2011ஆம் ஆண்டைச் சேர்ந்த சுமார் 120,000 கொடுக்கல் வாங்கல் பதிவுகள் பார்வையிடப்பட்டதாக அறிவித்தது. மூன்று நிறுவனங்கள், மூன்று சம்பவங்கள். மூன்றிலும் சிக்கியவை பழைய பதிவுகள். நாம் என்றோ ஒரு நாள் வாங்கிய விளையாட்டு, இன்று பிள்ளை தொட்டும் பாராத விளையாட்டு, நமது தகவல்களை வைத்திருக்கின்றது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இவ்விடத்தில், களவு போவது எந்த வடிவில் போகின்றது என்பதையும் விளக்குதல் அவசியமாகின்றது. பத்திரிகைகளில் ‘கடவுச்சொற்கள் களவு’ என்று தலைப்பிடுகின்றோம். ஆனால் பொறுப்புள்ள நிறுவனமொன்று கடவுச்சொல்லை நாம் எழுதிய வடிவத்திலேயே வைத்திருப்பதில்லை. அதனை ஒருவகைக் கணித அரைப்புக்கு உட்படுத்தி, அரைத்த மாவை மட்டுமே சேமித்து வைக்கின்றது. நாம் அடுத்த முறை கடவுச்சொல்லை எழுதும்போது அதனையும் அவ்வாறே அரைத்து, இரண்டு மாவும் ஒன்றாக இருக்கின்றதா எனப் பார்த்துக் கதவைத் திறக்கின்றது. மாவிலிருந்து மீண்டும் அரிசியை எடுக்க முடியாது என்பதே இதன் பாதுகாப்பு.

அப்படியாயின் மாவைத் திருடியவனுக்கு அதனால் என்ன பயன் என்று வாசகர் கேட்கலாம். அவன் அரிசியை மீட்க முயல்வதில்லை. மக்கள் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்களின் பட்டியலொன்றை எடுக்கின்றான். பிள்ளைகளின் பெயர்கள், பிறந்த ஆண்டுகள், ஒன்று முதல் எட்டு வரையான எண்கள், கிரிக்கெட் வீரர்களின் பெயர்கள் என எல்லாவற்றையும் அதே முறையில் அரைத்துப் பார்க்கின்றான். எந்த மாவு பொருந்துகின்றதோ அந்தக் கடவுச்சொல் அவன் கையில் அகப்பட்டுவிடுகின்றது. கணினியின் வேகத்தில் இது பெரிய காரியம் அன்று. இதனைத் தடுப்பதற்காக ஒவ்வொருவரின் அரிசியோடும் வெவ்வேறு கலவையைச் சிறிது சேர்த்து அரைக்கும் முறை உண்டு. தொழிநுட்பவியலாளர் அதற்கு ‘உப்பு’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். உப்புச் சேர்த்தால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இருவரின் மாவும் வேறுபடும். திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அரைத்துப் பார்க்க நேரிடும். ஆயினும், எளிதாக ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை எவ்வளவு உப்பும் முழுமையாகக் காப்பாற்றிவிடாது. சோனி நிறுவனம் கடவுச்சொற்களை அரைத்தே வைத்திருந்ததாகப் பின்னர் விளக்கமளித்தது. எனினும் பிரித்தானியாவின் தகவல் ஆணையாளர் அலுவலகம், கடவுச்சொற்களைப் பாதுகாத்த முறை தொழிநுட்ப வளர்ச்சிக்கு ஏற்ப இருக்கவில்லை எனக் கண்டது.

கடனட்டையின் கதை வேறு. அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முன்புறத்து நீண்ட இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்தில் கையொப்பத்திற்கு அருகில் உள்ள மூன்று இலக்கங்கள். அட்டை நிறுவனங்கள் கூட்டாக வகுத்துள்ள பாதுகாப்பு விதிகளின்படி, பணம் அறவிட்ட பின்னர் அந்த மூன்று இலக்கங்களை எந்த விற்பனையாளரும் சேமித்து வைத்தல் ஆகாது. சோனி சம்பவத்தில் அவை களவு போகாமைக்குக் காரணம் இதுவே. அவை அங்கு இருக்கவேயில்லை. நீண்ட இலக்கத்தைச் சேமிப்பதாயின் அதனை மறைகுறியாக்கி வைத்தல் வேண்டும். இன்று பல நிறுவனங்கள் உண்மையான இலக்கத்தையே வைத்திருப்பதில்லை. பணம் அறவிடும் இடைத்தரகு நிறுவனம் வழங்கும் மாற்றுக் குறியீடொன்றை மட்டும் வைத்திருக்கின்றன. அந்தக் குறியீட்டைத் திருடுபவன் அதனை வேறு கடையில் பயன்படுத்த முடியாது.

இதனால் அட்டையை விட ஏனைய தகவல்களே நீண்டகாலத் துன்பத்தைத் தரவல்லவை என்னும் முடிவுக்கு நாம் வருகின்றோம். சாதாரணமாக மக்கள் எண்ணுவதற்கு இது மாறானது. அட்டை களவு போனால் வங்கிக்கு ஓர் அழைப்பை எடுத்து அதனை இரத்துச் செய்து, சில நாட்களில் புதிய இலக்கத்தோடு வேறோர் அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். பிறந்த திகதியை இரத்துச் செய்து புதியதொன்றைப் பெற்றுக்கொள்ள முடியுமா? தாயாரின் திருமணத்திற்கு முந்தைய பெயரை மாற்ற முடியுமா? பாதுகாப்புக் கேள்விக்கு விடையாக நாம் எழுதிக் கொடுத்த முதற் பாடசாலையின் பெயர் வாழ்நாள் முழுவதும் அதுவேதான். வங்கியின் பெயரால் தொலைபேசி அழைப்பை எடுப்பவன் நமது முழுப் பெயரையும் முகவரியையும் பிறந்த திகதியையும் சரியாகச் சொன்னால், நம்மில் எத்தனை பேர் அவனை நம்பாதிருப்போம்? 2011 நவம்பரில் தென்கொரியாவின் நெக்சன் நிறுவனத்தின் ‘மேப்பிள்ஸ்டோரி’ விளையாட்டில் 1 கோடியே 32 இலட்சம் பேரின் விபரங்கள் களவு போனபோது, மறைகுறியாக்கப்பட்ட தேசியப் பதிவு இலக்கங்களும் அவற்றுள் அடங்கியிருந்தன. ஒரு விளையாட்டில் சேர்வதற்குத் தேசிய அடையாள இலக்கம் எதற்கு என்ற கேள்வி அந்நாட்டில் அப்போது உரத்து எழுந்தது வியப்பன்று.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்டென்டோ நிறுவனத்திற்கு நேர்ந்தது இன்னொரு வகையானது. அங்கு உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டதன்படி, நிறுவனத்தின் சேவையகங்கள் உடைக்கப்படவில்லை. வேறெங்கோ பெறப்பட்ட கணக்குப் பெயர்களையும் கடவுச்சொற்களையும் கொண்டு, சுமார் 160,000 கணக்குகளுக்குள் சரியான சாவியோடு நுழைந்தனர். இந்த எண்ணிக்கை அவ்வாண்டு ஜூன் மாதம் 300,000 ஆகத் திருத்தப்பட்டது. ஒரே கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் கடைக்கும் வைத்திருக்கும் நமது சோம்பலே அந்தச் சாவி. உள்ளே நுழைந்தோர் அட்டையின் இலக்கத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அட்டை ஏற்கனவே கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்ததால், விளையாட்டுக்குள் செலவிடும் நாணயங்களை வாங்கிக் குவித்தனர். அட்டை இலக்கம் களவு போகாமலேயே அட்டையிலிருந்து பணம் போகலாம் என்பதே இதிலுள்ள விசேடமாகும்.

இந்த இடத்தில் நமது சொந்த வீட்டுக் குறையையும் ஒப்புக்கொள்வது நேர்மையாகும். நமது ஆசிரியபீடத்தில் கணினிகள் முதன்முதலாக வந்த காலத்தில், கடவுச்சொல்லைச் சிறு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்தோம். தேநீர் கொண்டுவரும் பையன் முதல் ஒப்புநோக்குநர் வரை அனைவரும் அதனை அறிந்திருந்தனர். எல்லாக் கணினிகளுக்கும் அதே சொல்தான். ஆகவே பிறருக்குப் புத்தி சொல்லும் தகைமை நமக்கு ஓரளவே உண்டு.

சரி, என்னதான் செய்வது? பிள்ளைகளை விளையாட விடாமல் தடுப்பது என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடைமுறைக்கு வராது. ஆகவே அட்டையைத் தூர வைப்பதே முதற் காரியம். விளையாட்டுக் கணக்கில் அட்டை விபரங்களைச் சேமித்து வைக்கவா என்று கேட்கப்படும்போது வேண்டாம் எனத் தெரிவு செய்யலாம். பல தளங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதுமில்லை, தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. அவ்வாறாயின் வாங்கி முடிந்ததும் கணக்கின் அமைப்புப் பகுதிக்குச் சென்று அட்டையை நீக்கிவிடுதல் வேண்டும். அடுத்த முறை மீண்டும் இலக்கத்தை எழுத வேண்டிவரும். அந்தச் சிரமம் நல்லது. பிள்ளை ஒவ்வொரு முறையும் தாயையோ தந்தையையோ தேடிவர வேண்டியிருப்பதால் வீண்செலவும் குறைகின்றது.

இதனை விடச் சிறந்தது, குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் பெறுமதியுள்ள அன்பளிப்பு அட்டைகளைப் பயன்படுத்துவதாகும். வெளிநாட்டில் உள்ள உறவினர் தமது கடனட்டையைப் பதிவதற்குப் பதிலாக இத்தகைய அட்டையொன்றை வாங்கி அதன் குறியீட்டை அனுப்பலாம். அந்தக் கணக்கு நாளை உடைக்கப்பட்டாலும் இழப்பு அந்தத் தொகையோடு முடிந்துவிடும். பிளேஸ்டேஷன், ஸ்டீம், நின்டென்டோ ஆகிய மூன்றுக்கும் இவ்வாறான அட்டைகள் உண்டு. ஆனால் அவை எந்த நாட்டுக் கணக்கிற்கு உரியவை என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கனடாவில் வாங்கியது வேறு நாட்டின் பெயரில் திறந்த கணக்கில் செல்லுபடியாகாமல் போகக்கூடும். விளையாட்டுக்குள் செலவிடும் வைரங்களையும் நாணயங்களையும் குறைந்த விலைக்கு ஏற்றித் தருவதாகக் கூறிக் கணக்கின் கடவுச்சொல்லையே கேட்கும் இடைத்தரகர்கள் சமூக வலைத்தளங்களில் மலிந்திருக்கின்றனர். அவர்களிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பானது. பிள்ளைகளே பெரும்பாலும் இதில் ஏமாறுகின்றனர். ஏமாந்ததை வீட்டில் சொல்லவும் அஞ்சுகின்றனர். ஏசமாட்டார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருந்தால், வங்கிக்குத் தகவல் சில மணித்தியாலங்கள் முன்னதாகவே போய்ச்சேரும்.

அட்டையைக் கொடுத்தே ஆகவேண்டுமெனில், சம்பளம் வந்து சேரும் கணக்கின் டெபிட் அட்டையைக் கொடுத்தல் கூடாது. டெபிட் அட்டையிலிருந்து பணம் போனால் அது நமது பணம். போனபின்னர் திரும்பி வரும்வரை வாடகைக்கும் அரிசிக்கும் வழி தேட வேண்டும். கடனட்டையிலாயின் தகராறு தீரும்வரை அந்தத் தொகை பொதுவாக வங்கியோடான வழக்காகவே நிற்கும். எல்லை குறைந்த கடனட்டை ஒன்றையோ, சிறு தொகை மட்டும் வைக்கப்பட்ட தனிக் கணக்கின் அட்டையையோ இதற்கென ஒதுக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுந்தகவல் அனுப்பும் வசதியை வங்கியிடம் கேட்டுப் பெறுதல் அவசியம். கையடக்கத் தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டை எழுதினால்தான் பணம் போகும் என நம்பியிருப்போரும் உளர். எல்லா நாட்டு விற்பனையாளரும் அக்குறியீட்டைக் கோருவதில்லை. சேமிக்கப்பட்ட அட்டையிலிருந்து அறவிடும்போது பெரும்பாலும் அது கேட்கப்படுவதேயில்லை.

கடவுச்சொல் பற்றி மேலே கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஒவ்வோரிடத்துக்கும் வேறுவேறு சொல் வேண்டும். குறிப்பாக மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தப்படாததாக இருத்தல் வேண்டும். ஏனெனில் மற்றைய கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி மின்னஞ்சலூடாகவே செல்கின்றது. அனைத்தையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்போர், அவற்றைக் காத்து வைக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாதவர் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் பூட்டி வைக்கலாம். கணினித் திரையில் ஒட்டிவைப்பதற்கும் அலுமாரியில் பூட்டி வைப்பதற்கும் நிரம்ப வேறுபாடு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு கணக்குகளை உடைப்பவன் நமது அலுமாரியைத் திறக்க வரப்போவதில்லை. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைப் பரிசோதனை முறை இன்று எல்லாப் பெரிய விளையாட்டுத் தளங்களிலும் உண்டு. நின்டென்டோ சம்பவத்தில் நுழைந்தோரைத் தடுத்திருக்கக்கூடியது அதுவே. பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான விடையை எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முதற் பாடசாலையின் பெயரைக் கேட்டால் ஒரு மீனின் பெயரை எழுதிவிட்டு அதனையும் கொப்பியில் குறித்துக்கொள்ளலாம்.

களவு போய்விட்டதாக அறிவிப்பு வந்த பின்னர் வரும் மின்னஞ்சல்களையிட்டுச் சிறப்பாக எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். உங்கள் கணக்குப் பாதிக்கப்பட்டுள்ளது, இங்கே அழுத்தி அட்டை விபரங்களை உறுதிப்படுத்துங்கள் என வருபவற்றுள் பல, களவெடுத்தோரோ அவர்களிடமிருந்து விலைக்கு வாங்கியோரோ அனுப்புபவையாகும். சோனி நிறுவனமே 2011இல், தான் எவரிடமும் மின்னஞ்சல் வழியாகக் கடனட்டை இலக்கத்தைக் கேட்கப்போவதில்லை என வாடிக்கையாளருக்கு அறிவுறுத்தியது.

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால் பாதுகாப்பின் முழுச் சுமையையும் தாய் தந்தையரின் தலையில் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது. 2013 ஜனவரியில் பிரித்தானியத் தகவல் ஆணையாளர் அலுவலகம், சோனியின் ஐரோப்பியப் பிரிவுக்கு 250,000 பவுண் அபராதம் விதித்தது. மென்பொருள் உரிய காலத்தில் புதுப்பிக்கப்பட்டிருந்தால் இந்த ஊடுருவலைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் கண்டுபிடிப்பு. அந்தச் சம்பவத்தால் தனக்கு 1400 கோடி யென், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 17 கோடி டொலர் செலவாகும் என நிறுவனமே மதிப்பிட்டிருந்தது. அதனோடு ஒப்பிட்டால் அபராதம் அற்பத் தொகையே. அன்றைய பிரித்தானியச் சட்டம் அனுமதித்த உச்சத்தொகையும் 500,000 பவுண்தான். 2018இல் ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, உலகளாவிய வருடாந்த வருமானத்தின் நான்கு வீதம் வரை அபராதம் விதிக்க இடமளித்ததோடு, ஊடுருவலை அறிந்த 72 மணித்தியாலங்களுக்குள் கண்காணிப்பு அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும் எனவும் விதித்தது. சோனி எடுத்துக்கொண்ட ஆறு நாட்களை எண்ணிப் பார்க்கையில் இதன் பொருள் விளங்கும்.

அமெரிக்காவில் 2022 டிசெம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ், சமஷ்டி வர்த்தக ஆணைக்குழுவுடன் 52 கோடி டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. அதில் 24 கோடியே 50 இலட்சம் டொலர், வாடிக்கையாளரின் விருப்பமின்றி அறவிடப்பட்ட கட்டணங்களோடு தொடர்புடையது. அட்டை விபரங்களை நிறுவனம் தாமாகவே சேமித்து வைத்ததும், பெற்றோரின் சம்மதமின்றிப் பிள்ளைகள் ஒரு பொத்தானை அழுத்தி வாங்க முடிந்ததும் குற்றச்சாட்டுகளுள் அடங்கின. வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோரியோரின் கணக்குகளை நிறுவனம் முடக்கியது என்பதும் அவற்றுள் ஒன்று. இங்கு எந்தத் திருடனும் வரவில்லை. கடைக்காரரே பணப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இலங்கையில் உள்ளோருக்குப் பொருட்களையோ சேவைகளையோ வழங்குவோரையும் அது தழுவுகின்றது. தரவு மீறல் நிகழ்ந்தால் அதிகார சபைக்கு அறிவிக்கும் கடப்பாட்டையும் விதிக்கின்றது. ஆனால் 2025 மார்ச் மாதம் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. கணினிக் குற்றங்கள் பற்றிய 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டமும், கொடுப்பனவுக் கருவிகள் தொடர்பான மோசடிகளுக்கு எதிரான 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டமும் திருடனைத் தண்டிப்பதற்கு உரியவை. தகவலைக் கவனமின்றி வைத்திருந்தவரிடம் கேள்வி கேட்பதற்கு உரியது இந்தப் புதிய சட்டமே. சான் டியேகோவிலோ டோக்கியோவிலோ உள்ள நிறுவனமொன்றை கொழும்பிலுள்ள அதிகார சபை எவ்வாறு கேள்வி கேட்கப்போகின்றது என்பது எளிதில் விடை காணக்கூடிய விடயமன்று. ஆயினும் உள்ளூர் வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணங்களைத் தமது வழியாக அறவிட்டு வருகின்றன. அவை கொழும்பிலேயே இருக்கின்றன. அவர்களிடமிருந்து தொடங்குவதற்கு எந்தக் கடலையும் கடக்க வேண்டியதில்லை.